வேளையும் வோட்டும்

பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை தயாரிப்பது யாரும் ஆசைப்பட்டு ஏற்கும் வேலை அல்ல. நாம் பல வருஷங்களாக அந்தப் பாரத்தைச் சுமந்து வருகிறோம். ஒரு சமயம், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலை நாலரை மணிக்கு நடந்து வந்த விசேஷ வகுப்பைக் காலை ஏழரை மணிக்கு மாற்றினோம். காலையில் மூளை தெளிவாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே நேரம். மொத்த மணிக் கணக்கில் ஒரு நிமிஷமும் குறையவில்லை. இதைவிட நியாயமான ஏற்பாடு வேறு உண்டா என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். பத்து நாள் கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் விளங்கிற்று. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து எட்டேகால் மணி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட வகுப்பில் இல்லை. அந்த வகுப்பு யாருக்காக ஏற்பட்டதோ அவர்களேதான் அந்தப் பிள்ளைகள்! "வெளியே போ" என்று நாம் யாரையும் சொல்லவில்லை. கடிகார முள்ளை நகர்த்தினோம், அவ்வளவுதான்.

அந்தப் பழைய பிழை நமக்கு இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஐக்கிய அமெரிக்காவின் தேர்தல் வழக்குகளைப் பற்றிப் படிக்க நேர்ந்ததுதான். வோட்டுச் சாவடி எந்த நாளில் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்ற அற்ப விவகாரத்துக்காக அந்த நாட்டில் சட்டசபைகள் சண்டையிட்டிருக்கின்றன. நியாயஸ்தலங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் தீர்ப்பு எழுதியிருக்கின்றன. "இதற்கா இவ்வளவு கூச்சல்?" என்று முதலில் நமக்கும் தோன்றியது. நம் வருகைப் பதிவேட்டை நினைத்துப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

* * *

அமெரிக்காவில் பொதுத் தேர்தல் நவம்பர் மாதத்தில் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று நடைபெறுகிறது. இந்த நாளைக் குறித்த சட்டம் 1845-ல் பிறந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். நவம்பர் மாதத்தில் அறுவடை முடிந்திருக்கும். குளிர் இன்னும் கடுமையாகியிராது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் பிரயாணம். செவ்வாய்க்கிழமை வோட்டு. புதன்கிழமை பல ஊர்களில் சந்தை. ஆகவே செவ்வாய் என்பது அன்றைய குடியானவனின் சௌகரியத்தைப் பார்த்து வைத்த நாள். அதில் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை.

குடியானவன் பட்டணத்துக்குக் குடி போய்விட்டான். செவ்வாய்க்கிழமை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நம் நாட்டில் வோட்டுப் பதிவு நாளன்று தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1996-ல் சட்டம் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அத்தகைய விடுமுறை கிடையாது. சில மாகாணங்களில் மட்டும் உண்டு. மணிக் கணக்கில் கூலி வாங்கும் ஆஸ்பத்திரித் தாதியும், ஹோட்டல் பணியாளும், இரண்டு வேலை பார்க்கும் தாயாரும் செவ்வாய்க்கிழமையன்று மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால் அந்த மூன்று மணி நேரக் கூலி போயிற்று.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததுதான் முன்வோட்டு. தேர்தல் நாளுக்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்பிருந்தே குறிப்பிட்ட சாவடிகளைத் திறந்து வைத்து, வோட்டர் நேரில் வந்து, காரணம் ஒன்றும் சொல்லாமலே வோட்டுப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற ஏற்பாடு இது. 1980-களின் கடைசியில் டெக்ஸாஸ் மாகாணம் இதில் முன்னோடியாக இருந்தது. 2024 தேர்தல் சமயத்தில் மொத்தம் 50 மாகாணங்களில் 47-ல் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. அலபாமா, மிஸிஸிப்பி, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்று மட்டுமே விலக்கு. பெருந்தொற்றுக் காலமான 2020-ல் தபால் மூலமும் நேரிலுமாக 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் தேர்தல் நாளுக்கு முன்னதாகவே வோட்டளித்தார்கள்.

நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. தேர்தல் வேலைக்கு அனுப்பப்படும் உபாத்தியாயர்கள் தங்கள் சொந்த ஊர்ச் சாவடிக்குப் போக முடியாது. ஆகையால் அவர்களுக்கென்று வசதி மையம் ஒன்றைத் திறந்து, முன்னதாகவே வோட்டளிக்கச் செய்கிறார்கள். அந்த மையம் எந்த நாளில், எத்தனை மணி வரையில் திறந்திருக்கும் என்ற ஒரு வரிச் சுற்றறிக்கைக்காக உபாத்தியாயர் அறையில் எத்தனை பேர் தவம் கிடக்கிறோம் என்பதை நாம் அறிவோம். அந்த ஒரு வரியில் நம் வோட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

* * *

அமெரிக்காவில் முன்வோட்டின் அட்டவணையைப் போடுகிறவர் யார்? இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது. நம் நாட்டைப் போல் ஒரே தேர்தல் கமிஷன் அங்கே தேசம் முழுவதற்கும் நாளும் நேரமும் வகுப்பதில்லை. ஒவ்வொரு மாகாணச் சட்டசபையும் தனித் தனியே சட்டம் செய்கிறது. கவுண்டி என்று அவர்கள் சொல்லும் ஜில்லாக்களுக்கு அதற்குள் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. சட்டசபையில் இருப்பவர்களோ கட்சிக்காரர்கள். பந்தயத்தில் ஓடுகிறவரே பந்தயம் எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று தீர்மானிப்பது போன்ற நிலைமை!

ப்ளோரிடா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். 2000-ல் ஜனாதிபதி பதவியே இந்த மாகாணத்தில் 537 வோட்டு வித்தியாசத்தில் தீர்மானமாயிற்று. அந்த அவமானத்துக்குப் பிறகு தேர்தல் முறையைச் சீர்திருத்தியபோது முன்வோட்டும் வந்து சேர்ந்தது. 2008-ல் கூட்டம் அலை மோதியது. அப்போது கவர்னராயிருந்த சார்லி கிறிஸ்ட் குடியரசுக் கட்சிக்காரர். முன்வோட்டில் எதிர்க் கட்சியான ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்களே அதிகம் வருகிறார்கள் என்ற பேச்சு எங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. இருந்தும் அவர் சாவடிகளை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் திறந்து வைக்கும்படி உத்தரவு போட்டார். இது பாராட்டத் தக்க காரியம்.

2011-ல் காற்று திசை மாறிற்று. புதிய கவர்னர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட சட்டம், 14 நாள் வரை இருந்த முன்வோட்டை 8 நாளாகச் சுருக்கியது. தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையையும் அடியோடு எடுத்துவிட்டது.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என்ன விசேஷம் என்று வாசகர்கள் கேட்கலாம். கறுப்பு அமெரிக்கர்களின் மாதா கோவில்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் பாதிரியார் முன்னே செல்ல, கிழவர், கிழவி, வாலிபர் எல்லோரும் கோவில் பஸ்ஸில் ஏறி நேரே வோட்டுச் சாவடிக்குப் போவார்கள். ஆத்மாக்களின் சாவடி யாத்திரை என்று நாம் இதற்குப் பெயர் சொல்லலாம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு அன்று வண்டி கிடைக்கும். தனியே போகப் பயந்தவர்களுக்குத் துணை கிடைக்கும். வார நாளில் லீவு கிடைக்காதவர்களுக்கு அது லீவு நாள். இந்த மூன்றும் ஒருங்கே அமைவது வாரத்தில் அந்த ஒரு நாளில்தான்.

2012-ல் பலன் தெரிந்தது. மயாமி வட்டாரத்தில் வோட்டர்கள் மணிக் கணக்காகக் காத்து நின்றார்கள். 102 வயது மூதாட்டி ஒருவர் முன்வோட்டுச் சாவடிக்கு வந்தபோது, ஆறு மணி நேரம் ஆகலாம் என்று சொன்னார்கள். அந்த அம்மையார் வோட்டுப் போடாமல் வீடு திரும்ப மனமில்லாமல், அன்றே இரண்டாம் முறை வந்து வோட்டளித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். 2013 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமா காங்கிரஸ் சபையில் நிகழ்த்திய வருஷாந்தரப் பிரசங்கத்தின்போது அவரைச் சபைக்கு அழைத்துக் கௌரவித்தார். சபையினர் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். கரகோஷம் நல்லதுதான். ஆனால் 102 வயதில் ஒருவர் வோட்டுப் போடுவது வீரச் செயலாகிவிட்டதென்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறதென்றே அர்த்தம்.

அதே வருஷம் ப்ளோரிடா சட்டசபை தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. 14 நாள் வரை முன்வோட்டு நடத்தவும், கடைசி ஞாயிற்றுக்கிழமையில் சாவடி திறக்கவும் ஜில்லாக்களுக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. குறைத்த சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ரிக் ஸ்காட்தான் கூட்டிய சட்டத்திலும் கையெழுத்திட்டார். தப்பை உணர்ந்து திருத்திக்கொள்வது அரசியல்வாதிகளிடம் அபூர்வமாகக் காணும் குணம். ஆகையால் அதை இங்கே பதிவு செய்கிறோம்.

* * *

வட கரோலினாவின் கதை இன்னும் சிக்கலானது. நம் விசேஷ வகுப்புக்கு அது கிட்டத்தட்ட மறு பதிப்பு.

1965-ல் ஏற்பட்ட வோட்டுரிமைச் சட்டத்தின்படி, பழைய கொடுமைகளுக்குப் பேர்போன சில பிரதேசங்கள் தங்கள் தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்வதானாலும் முன்கூட்டியே மத்திய சர்க்காரின் சம்மதம் பெற வேண்டியிருந்தது. வட கரோலினாவின் 100 ஜில்லாக்களில் 40 அந்த நிபந்தனைக்கு உட்பட்டவை. 2013 ஜூன் 25-ம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரதேசங்களை நிர்ணயித்த பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 12-ம் தேதியே வட கரோலினாவில் புதிய தேர்தல் சட்டம் கவர்னரின் கையெழுத்துடன் வெளிவந்துவிட்டது. அடையாளச் சீட்டு முதலான பல நிபந்தனைகளோடு, 17 நாளாக இருந்த முன்வோட்டை அது 10 நாளாக்கியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று போயிற்று.

சட்டசபைக்காரர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நாள் குறைந்தாலும் மொத்த மணி நேரம் குறையக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு விதி வைத்தார்கள். 17 நாளில் எத்தனை மணி நேரம் சாவடி திறந்திருந்ததோ, அத்தனையும் 10 நாளுக்குள் அடங்க வேண்டும். "யாருக்கு என்ன நஷ்டம்? அதே மணி நேரம்தானே!" என்றார்கள். நாமும் தலைமையாசிரியரிடம் இதே வார்த்தையைச் சொன்னவர்கள் ஆகையால், இந்த வாதத்தின் கவர்ச்சியை நன்றாக அறிவோம்.

வழக்கு நடந்தது. முதலில் விசாரித்த நியாயாதிபதி 2016 ஏப்ரலில் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். புதிய சட்டம் வந்த பிறகு 2014-ல் நடந்த தேர்தலில் கறுப்பு மக்களின் வோட்டு முந்திய 2010 தேர்தலைக் காட்டிலும் கூடியிருந்தது என்பது அவருடைய முடிவுக்கு ஓர் ஆதாரம். இது உண்மையான ஆதாரந்தான், அலட்சியம் செய்வதற்கில்லை.

ஆனால் அப்பீல் கோர்ட்டு 2016 ஜூலை 29-ம் தேதி அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அங்கே வெளிப்பட்ட விவரங்கள் நம் கண்ணைத் திறப்பவை. 2012-ல் அந்த மாகாணத்தில் வோட்டளித்த கறுப்பு மக்களில் 100-க்கு 64 பேர் முன்வோட்டு மூலம் வோட்டளித்தார்கள். வெள்ளையரில் 100-க்கு 49 பேர். எடுத்துவிடப்பட்ட அந்த ஏழு நாட்களில் மட்டும் 2012-ல் ஏறக்குறைய 9 லட்சம் பேர் வோட்டளித்திருந்தார்கள். எந்த இனத்தார் எந்த முறையில் வோட்டளிக்கிறார்கள் என்ற புள்ளி விவரத்தைச் சட்டசபைக்காரர்கள் முன்னதாகவே கேட்டு வாங்கியிருந்தார்கள் என்பதும் தெரிய வந்தது. அது மட்டுமா? ஞாயிற்றுக்கிழமையில் சாவடி திறந்த ஜில்லாக்கள் பெரும்பாலும் கறுப்பு மக்களும் ஜனநாயகக் கட்சியினரும் அதிகமுள்ள ஜில்லாக்கள் என்று மாகாணத்தின் தரப்பிலேயே ஒப்புக்கொண்டு வாதாடியிருந்தார்கள். ரண வைத்தியரின் கத்தி நரம்பைத் தேடிச் செல்வதுபோல் இந்தச் சட்டத்தின் விதிகள் கறுப்பு மக்களைக் குறி வைத்திருக்கின்றன என்ற கருத்தை நியாயாதிபதிகள் எழுதினார்கள். ஸுப்ரீம் கோர்ட்டில் நியாயாதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்தபடியால் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

சுபம் என்று எழுதி முடிக்கலாம் என்றால் அதுதான் இல்லை. 17 நாள் திரும்பக் கிடைத்தது. ஆனால் எத்தனை சாவடி, எத்தனை மணி வரை என்பதை ஜில்லாத் தேர்தல் போர்டுகள் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? அப்போது ஒவ்வொரு போர்டிலும் மூன்று அங்கத்தினர் இருந்தார்கள். இருவர் கவர்னரின் கட்சி. கட்சிக்கு அநுகூலமான மாற்றங்களைச் செய்யுமாறு குடியரசுக் கட்சியின் மாகாண நிர்வாகியே அந்த அங்கத்தினர்களுக்குக் கடிதம் எழுதியது பின்னால் அம்பலமாயிற்று. கில்போர்டு ஜில்லாவில் 2012-ல் முன்வோட்டின் முதல் வாரத்தில் 16 சாவடிகள் இருந்தன. 2016-ல் முதல் வாரத்துக்கு ஒரே ஒரு சாவடி! கில்போர்டில்தான் கிரீன்ஸ்பரோ நகரம் இருக்கிறது. 1960 பிப்ரவரி 1-ம் தேதி நாலு கறுப்பு மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பரிமாறாவிட்டாலும் எழுந்திருக்க மாட்டோம் என்று சத்தியாக்கிரகம் செய்த நகரம் அது. காந்தி மகானின் வழி கடல் கடந்து பலித்த அந்த ஊரில், ஐம்பத்தாறு வருஷம் கழித்து, வோட்டுப் போடுவதற்கும் உட்கார இடமில்லாமல் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

2018-ல் அட்டவணை மறுபடியும் மாறிற்று. வார நாட்களில் திறக்கும் முன்வோட்டுச் சாவடிகள் எல்லாம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை ஒரே சீராகத் திறந்திருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாயிருக்கிறது! ஆனால் சிறு ஜில்லாக்களிடம் அத்தனை சாவடிக்கும் பன்னிரண்டு மணி நேரம் ஆள் போடப் பணம் ஏது? பல ஜில்லாக்கள் சாவடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. பக்கத்து ஊரில் நாலு மணி நேரம் திறந்திருந்த சாவடி போய், முப்பது மைலுக்கு அப்பால் பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கும் சாவடி வந்தால், வண்டியில்லாத கிழவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? சமத்துவம் என்ற பெயரில் எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்துக் கொடுத்த கதைதான்.

* * *

மறு தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாமும் கட்சிக்காரர்களாகிவிடுவோம்.

சாவடி ஒன்றை ஒரு நாள் திறப்பது என்றால் கட்டிடம், யந்திரம், காவல், ஊழியர் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. முதல் நாளிலேயே வோட்டுப் போட்டவருக்கு, அதற்குப் பிறகு அபேட்சகரைப் பற்றிப் புதிய உண்மை வெளிவந்தால் வோட்டை மாற்றிக்கொள்ள வழியில்லை. பெரிய நகரத்து வோட்டருக்கு இரவிலும் சாவடி, சிற்றூர் வோட்டருக்குப் பகலில் சில மணி நேரம் என்பது எவ்வாறு நீதியாகும் என்ற கேள்வியையும் தட்டிக் கழிக்க முடியாது. டெக்ஸாஸில் 2020-ல் ஹூஸ்டன் நகரமுள்ள ஹாரிஸ் ஜில்லாவில் சில சாவடிகளை ஓர் இரவு முழுதும் திறந்து வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலை முடிந்து வந்து வோட்டளித்தார்கள். 2021-ல் மாகாணச் சட்டசபை, காலை 6 மணிக்கு முன்பும் இரவு 10 மணிக்குப் பின்பும் முன்வோட்டு கூடாது என்று விதித்துவிட்டது. அதே சட்டம் சிறிய ஜில்லாக்கள் பலவற்றில் சாவடி நேரத்தைக் கூட்டவும் செய்தது என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது.

ஓஹையோவில் 2012-ல் தேர்தலுக்கு முந்திய மூன்று நாட்களை ராணுவத்தாருக்கு மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மூடப் பார்த்தார்கள். கோர்ட்டு தடுத்தது. பிற்பாடு, பெயர் பதிந்துகொண்டு அன்றே வோட்டும் போடலாம் என்றிருந்த "தங்க வாரம்" என்ற முதல் சில நாட்களை நீக்கினார்கள். அதற்குப் பிறகும் 29 நாள் முன்வோட்டு மிஞ்சியிருந்தபடியால், 2016-ல் அப்பீல் கோர்ட்டு அந்த நீக்கத்தை அனுமதித்தது. குறைப்பதெல்லாம் அநியாயம் என்று நியாயஸ்தலங்களும் சொல்லவில்லை; நாமும் சொல்லவில்லை.

வேறொரு விசித்திரத்தையும் கூற வேண்டும். விஸ்கான்ஸின் பல்கலைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்வோட்டு மட்டும் தனியாக ஏற்பட்ட இடங்களில் மொத்த வோட்டு கூடவில்லை, சற்றுக் குறைந்ததாகவும் தெரிகிறது என்று கண்டார்கள். தேர்தல் நாளின் திருவிழாக் கோலாகலம் பல நாட்களில் சிதறிப் போய்விடுவது ஒரு காரணமாம். ஆகையால் முன்வோட்டு என்பது சகல நோய்க்கும் சஞ்சீவி அல்ல. ஆயினும், ஒன்றைப் புதிதாகக் கொடுப்பதன் பலன் வேறு. கொடுத்துப் பழக்கிய பிறகு பிடுங்குவதன் பலன் வேறு. ஊருக்குப் பஸ் விடாமலே இருந்திருந்தால் பிள்ளைகள் நடந்து வரப் பழகியிருப்பார்கள். பத்து வருஷம் பஸ் விட்டுவிட்டு ஒரு நாள் நிறுத்தினால் அன்றைக்கு வகுப்பு காலிதான்.

* * *

ஒரு நாளின் விலை என்ன என்பதற்கு ஜார்ஜியா மாகாணத்தில் 2022-ல் நல்ல சான்று கிடைத்தது. ஸெனட் சபைத் தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் வோட்டுக் கிடைக்காததால் டிசம்பர் 6-ம் தேதி இரண்டாம் சுற்று நடந்தது. அபேட்சகர்களில் ஒருவர் ரபேல் வார்னாக். மார்ட்டின் லூதர் கிங் பாதிரியாராயிருந்த அட்லாண்டா நகரத்து எபனேஸர் மாதா கோவிலின் இன்றைய பாதிரியார் அவர். முந்திய வருஷம் செய்த சட்டத்தால் இரண்டாம் சுற்றுக்கான இடைவெளி ஒன்பது வாரத்திலிருந்து நாலு வாரமாகச் சுருங்கியிருந்தது. அந்த நாலு வாரத்தில் முன்வோட்டுக்குப் பொருந்தும் சனிக்கிழமை ஒன்றே ஒன்று: நவம்பர் 26.

அந்த ஒரு சனிக்கிழமைக்கும் ஆபத்து வந்தது. வியாழன் அல்லது வெள்ளி விடுமுறையானால் அதை அடுத்த சனிக்கிழமையில் சாவடி திறக்கக் கூடாது என்று ஒரு பழைய விதி. வியாழக்கிழமை நன்றி கூறும் பண்டிகை. வெள்ளிக்கிழமையும் மாகாண விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை விடுமுறையின் பூர்வோத்தரத்தைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவார்கள். அடிமைத்தனத்தைக் காப்பாற்றுவதற்காகப் போரிட்ட தென் மாகாணப் படைகளின் தளகர்த்தர் ராபர்ட் லீயின் பிறந்த நாளுக்காக ஏற்பட்ட விடுமுறை அது! பெயரைப் பின்னால் மாற்றிவிட்டார்கள், விடுமுறை நிலைத்துவிட்டது. கறுப்புப் பாதிரியார் ஒருவரின் தேர்தலில் வோட்டர்களின் சனிக்கிழமையை அந்தத் தளபதியின் பழைய ஜயந்தி விழுங்க இருந்தது.

வழக்குப் போட்டார்கள். அந்த விதி முதல் சுற்றுக்கே பொருந்தும், இரண்டாம் சுற்றுக்குப் பொருந்தாது என்று கீழ்க் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மாகாண ஸுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்தது. சில ஜில்லாக்கள் அந்தச் சனிக்கிழமை சாவடி திறந்தன. ஒரே நாளில் 70,000-க்கு மேற்பட்டவர்கள் வோட்டளித்தார்கள். வார்னாக் ஏறக்குறைய ஒரு லட்சம் வோட்டு வித்தியாசத்தில் வென்றார். எனவே அந்தச் சனிக்கிழமைதான் வெற்றியைக் கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த எழுபதினாயிரம் பேரும் அன்றைக்கு வந்து வோட்டுப் போட்டார்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

* * *

தேர்தல் அட்டவணையை மாற்றுவதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல எண்ணத்துடன் மாற்றுவதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2019 ஏப்ரல் 18-ம் தேதி தமிழ்நாட்டில் வோட்டுப் பதிவு. மதுரையில் அன்று சித்திரைத் திருவிழாவின் தேரோட்டம். மறு நாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மீனாக்ஷியம்மன் தேரையும் விட முடியாது, வோட்டையும் விட முடியாது என்று மதுரை மக்கள் தவித்தார்கள். தேர்தல் கமிஷன் மதுரைக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரத்தை நீட்டியது. 2022-ல் பஞ்சாபில் பிப்ரவரி 14-ம் தேதி குறித்திருந்த தேர்தலை, குரு ரவிதாஸ் ஜயந்திக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் ஏராளமாகக் காசிக்கு யாத்திரை போகிறார்கள் என்பதால், 20-ம் தேதிக்கு மாற்றினார்கள். ஒன்றோடொன்று மோதும் கட்சிகள் எல்லாம் சேர்ந்து அந்த மாற்றத்தைக் கேட்டன என்பது இதில் கவனிக்க வேண்டிய அம்சம்.

எனவே அட்டவணை மாறும்போதெல்லாம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பழைய நேரத்தில் வந்துகொண்டிருந்தவர் யார்? புதிய நேரத்தில் அவர் வர முடியுமா? மாற்றத்தைக் கேட்டவர் ஒரு தரப்பாரா, இரு தரப்பாருமா? மொத்த மணி நேரம் எவ்வளவு என்பது நாலாவது கேள்வியாகவே இருக்க வேண்டும். 2012-ன் நீண்ட வரிசைகளைப் பற்றி ஆராய ஒபாமா நியமித்த கமிஷனுக்கு இரு தலைவர்கள். ஒருவர் ஒபாமாவின் தேர்தல் வக்கீல், மற்றவர் எதிர்த்து நின்ற ராம்னியின் தேர்தல் வக்கீல். எந்த வோட்டரும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி இருக்கக் கூடாது என்றும், தேர்தல் நாளுக்கு முன்பே வோட்டளிக்கும் வசதியைப் பெருக்க வேண்டும் என்றும் 2014 ஜனவரியில் இருவரும் ஒருமித்துச் சிபாரிசு செய்தார்கள். எதிரெதிர் வக்கீல்கள் ஒத்துப்போகக் கூடிய விஷயத்தில் சட்டசபைகள் ஒத்துப்போக முடியாதா?

கடைசியாக நம் விசேஷ வகுப்பு என்னவாயிற்று என்று சொல்லிவிடுகிறோம். அதை மத்தியான இடைவேளைக்கு மாற்றினோம். நமக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி குறைந்தது. பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள்.